வெட்டிய டான்சில் மீண்டும் வளருமா?

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காத தமிழ்க் குடும்பங்கள் குறைவு. காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் மருத்துவ அதிகாரியாகச் சேர்ந்ததிலிருந்து இதைக் கேட்டு வருகிறேன். வெளிநோயாளிப் பிரிவில் தாய்மார்கள் கேட்கிறார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்கிறார். நம் கழகத்தின் செயலவையில் என்னோடு இருந்த நண்பர்கள், இன்று பிள்ளை குட்டிகளோடு இருப்பவர்கள், நள்ளிரவில் செய்தி அனுப்பிக் கேட்கிறார்கள். இதற்கு நம் துறையினர் பலர் சொல்லும் பதில் ஒன்றே ஒன்றுதான்: "வளராதுங்க, பயப்படாதீங்க."

அந்தப் பதில் சரியன்று. ஆறுதலுக்காகச் சொல்லப்படுவது என்பதால் அது சரியாகிவிடாது என்பதே என் கருத்து. வளரலாம். எல்லாருக்கும் வளராது, பெரும்பாலோருக்கு வளராது, எப்படி அறுக்கப்பட்டது, எந்த வயதில் அறுக்கப்பட்டது என்பவற்றைப் பொறுத்து வாய்ப்பு கூடும், குறையும். இவ்வளவையும் ஒரு தாயிடம் ஒரு நிமிடத்தில் தமிழில் சொல்லிவிட முடியும். ஏன் சொல்வதில்லை என்பதைத்தான் எழுத வந்தேன். அதற்கு முன் தொண்டைக்குள் கொஞ்சம் எட்டிப் பார்த்துவிடுவோம்.

கண்ணாடி முன் நின்று வாயை அகலத் திறந்து 'ஆ' என்று சொல்லிப் பாருங்கள். நட்டநடுவில் சிறு துளிபோல் ஒன்று தொங்குகிறதல்லவா? அது உள்நாக்கு. அதற்கு இரு பக்கமும், இரண்டிரண்டு தசை மடிப்புகளுக்கு நடுவே, பாதாம் பருப்பைப் போல் பதுங்கியிருப்பவை டான்சில்கள். நிணநீர்த் திசுவால் ஆனவை. ஒவ்வொன்றின் மேற்பரப்பிலும் ஏறத்தாழ 10 முதல் 30 வரை குழிகள் உண்டு. வாய் வழியாகவும் மூக்கு வழியாகவும் நுழையும் கிருமிகளை உடலின் எதிர்ப்பு அணுக்களுக்கு அறிமுகப்படுத்துவது இவற்றின் வேலை. இவை தனித்து நிற்பவையும் அல்ல. மூக்கின் பின்புறத்தில் அடினாய்டு, நாக்கின் அடியில் இன்னொரு டான்சில் என்று தொண்டையைச் சுற்றி ஒரு வளையமே இருக்கிறது. 1884ஆம் ஆண்டில் அதை விவரித்த ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் வால்டையரின் பெயராலேயே அவ்வளையம் இன்றும் அழைக்கப்படுகிறது.

இப்போது அறுவைக்கு வருவோம். டான்சிலின் பின்புறத்தில் ஒரு மெல்லிய உறை உண்டு. அந்த உறைக்குப் பின்னால் தொண்டைத் தசை. அங்கே நரம்புகளும் இரத்தக் குழாய்களும் ஓடுகின்றன. பழகிய முறையில், உறையோடு சேர்த்து டான்சில் முழுவதையும் உரித்து எடுத்துவிடுவார்கள். தசை வெறுமையாகத் திறந்து கிடக்கும். அதனால்தான் அறுவைக்குப் பின் பத்து நாள் வரைக்கும் பிள்ளை எச்சில் விழுங்கவே அழுகிறது. இன்னொரு முறையில், டான்சிலின் பெரும்பகுதியைச் சுரண்டி எடுத்துவிட்டு, உறையையும் அதன்மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய திசுவையும் வேண்டுமென்றே விட்டுவைப்பார்கள். இளநீர்க்காரர் கரண்டியால் வழுக்கையைச் சுரண்டும்போது ஓட்டோடு ஒட்டிய ஒரு படலம் தங்கிவிடும் அல்லவா, ஏறக்குறைய அதுபோல. தசை மூடப்பட்டே இருப்பதால் வலி குறைவு, இரத்தக்கசிவு குறைவு, பிள்ளை சீக்கிரமே கஞ்சியிலிருந்து சோற்றுக்குத் திரும்பிவிடும். 2002ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கோல்டாய் என்னும் அறுவை மருத்துவரும் அவருடைய குழுவினரும் இம்முறையை, சுழலும் நுண்கருவியொன்றைக் கொண்டு, பிள்ளைகளுக்குச் செய்து எழுதினார்கள். தூக்கத்தில் மூச்சடைக்கும் அளவுக்கு டான்சில் பெருத்த சிறுவர்களுக்கு இன்று பல நாடுகளில் இதுவே விருப்பமான முறை.

விட்டுவைத்த அந்தப் படலம் உயிருள்ள நிணநீர்த் திசு. அது வளரக் கூடியது. குறிப்பாக, மழலைப் பள்ளி வயதில் இத்திசு துடிப்போடு இருப்பதால், அறுவையின்போது பிள்ளை எவ்வளவு சிறியதோ அவ்வளவுக்கு மீள்வளர்ச்சியின் வாய்ப்பும் கூடுகிறது. பல்லி வால்போல் புதிதாக ஒன்று முளைத்துவிடுவதில்லை. மிச்சமிருந்தது பெருக்கிறது, அவ்வளவே. முழுமையாக உரித்த இடத்தில் சவ்வு மூடித் தழும்பாகிவிடும். அங்கே வளர வேண்டுமென்றால் கீழ்முனையில் எங்கேனும் ஒரு துணுக்கு தங்கியிருக்க வேண்டும். அடினாய்டின் கதை வேறு. அதற்குப் பிரித்தெடுக்க வசதியான உறை கிடையாது. ஆகவே அது மீண்டும் தலைகாட்டுவது சற்று அதிகம்.

எண்ணிக்கை கேட்பவர்களுக்காக ஒன்று. சுவீடனில் 2007 முதல் 2012 வரை மூச்சடைப்புக்காக அறுவை செய்துகொண்ட, 12 வயதுக்குட்பட்ட ஏறத்தாழ 27,500 சிறுவர்களின் பதிவுகளை ஆராய்ந்து 2016ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். பகுதி அறுவை செய்துகொண்டவர்களில் மறுபடியும் டான்சில் அறுவைக்கு வந்தவர்கள் நூற்றுக்கு நான்கு பேருக்கும் குறைவு. முழு அறுவை செய்தவர்களிலோ நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஒப்பிட்டால் ஏறத்தாழ ஏழு மடங்கு வேறுபாடு. 'ஏழு மடங்கு' என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு பயமுறுத்தலாம். 'நூற்றுக்கு நான்குக்கும் குறைவு' என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு மூடி மறைக்கலாம். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் பெற்றோருக்கு முடிவெடுக்க ஏதேனும் கிடைக்கும்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று நினைப்பவர்களுக்கு என் அத்தையின் கதையைச் சொல்ல வேண்டும். கிள்ளானில் இருக்கிறார். அவருடைய கடைசி மகனுக்கு மூன்று வயதில் ஒரு மருத்துவமனையில் (பெயர் வேண்டாம்) டான்சிலை அறுத்தார்கள். பையன் குறட்டை விடுவான், நடுவில் மூச்சு நின்று நின்று வரும், அத்தை இரவெல்லாம் அவன் நெஞ்சில் கைவைத்தபடி விழித்திருப்பார். அறுவைக்குப் பின் எல்லாம் சரியானது. ஏழாவது வயதில் குறட்டை திரும்பி வந்தது. வீட்டுக்கு அருகே இருந்த கிளினிக்கில் டார்ச் அடித்துப் பார்த்த மருத்துவர், "டான்சில் மறுபடி வளர்ந்திருக்கும்மா" என்றார். அத்தைக்கு இடி விழுந்தது போலாயிற்று. "வளராதுன்னு என்கிட்ட சொன்னாங்கப்பா. பாதிய வெட்டிட்டு முழுசா வெட்டிட்டோம்னு ஏமாத்திட்டாங்க" என்று என்னிடம் தொலைபேசியில் அழுதார்.

அறுவைக் குறிப்பின் நகலை வாங்கிப் படித்தேன். பகுதி அறுவை என்று தெளிவாக எழுதியிருந்தது. அந்த வயதுக்கும் அந்த நோய்க்கும் பொருத்தமான முறைதான். செய்தவரும் நன்றாகத்தான் செய்திருந்தார். ஒப்புதல் படிவத்தில் அத்தையின் கையெழுத்து இருந்தது. படிவம் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. அத்தைக்குச் சந்தையில் பேரம் பேசும் அளவுக்கு மலாய் நன்றாகவே வரும். 'உறைக்குள் செய்யப்படும் பகுதி அகற்றம்' என்பதை எந்த மொழியில் அச்சடித்துக் கொடுத்தாலும், யாரும் வாய்திறந்து விளக்காமல் அவருக்குப் புரிய வழியில்லை. அவருக்குத் தமிழில் சொல்லப்பட்ட ஒரே வாசகம், அவசர அவசரமாக யாரோ மொழிபெயர்த்த "வளராது" மட்டுமே.

அதன் விளைவு என்ன? அத்தை அதற்குப் பிறகு மருத்துவமனைப் பக்கமே போகவில்லை. தொண்டையில் சுண்ணாம்பு தடவினார். யாரோ சொன்ன சூரணத்தை வாங்கித் தேனில் குழைத்துக் கொடுத்தார். ஐஸ் கச்சாங்கையும் ஐஸ் மைலோவையும் வீட்டுச் சட்டம் போட்டுத் தடை செய்தார். (பாவம் ஐஸ் கச்சாங்! டான்சில் பெருப்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை என்று நான் சொன்னால் எங்கள் வீட்டிலேயே யாரும் நம்புவதில்லை.) பையன் வகுப்பில் தூங்கி விழுகிறான் என்று ஆசிரியை அழைத்துச் சொல்லும்வரை ஏறத்தாழ ஓராண்டு போயிற்று. அதன் பின்தான் தூக்கப் பரிசோதனை, அதன் பின்தான் இரண்டாவது அறுவை. இம்முறை முழுவதுமாக எடுத்தார்கள். பையன் இப்போது நன்றாக இருக்கிறான். மூன்று வயதில் "வளரலாம்மா, நூத்துல நாலு பேருக்கும் குறைவாத்தான் அப்படி ஆகும், குறட்டை திரும்பி வந்தா உடனே கூட்டிட்டு வாங்க" என்று ஒருவர் சொல்லியிருந்தால் அந்த ஓராண்டு வீணாகியிருக்காது.

என் சக மருத்துவர் ஒருவரோடு இதைப்பற்றி விவாதித்தேன். "வளரலாம்னு சொன்னா நம்ம ஆளுங்க பயந்துபோய் கையெழுத்தே போட மாட்டாங்க. அப்புறம் அந்தப் பிள்ளை மூச்சுத் திணறியே கிடக்கும். எது நல்லது?" என்றார் அவர். நல்ல மனிதர், அக்கறையோடுதான் சொன்னார். ஆனாலும் என்னால் ஏற்க முடியவில்லை. பழைய மைவி கார் ஒன்று வாங்கப் போகும் நம் மாமா, கியர் பெட்டியிலிருந்து சாலை வரி வரை எத்தனை கேள்வி கேட்கிறார்! குறை இருக்கிறது என்று தெரிந்த பின்பும் கணக்குப் போட்டு வாங்கத்தானே செய்கிறார்? 'நம்ம ஆளுங்க'ளுக்கு நிகழ்தகவு புரியாது என்பது நாமே கட்டிவிட்ட கதை. நான்கு நம்பர் எடுப்பவர்களுக்கா நிகழ்தகவு புரியாது?

எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு வாதம் வருகிறது. "எப்படியும் வளரத்தான் போகுது, எதுக்கு வெட்டணும்?" என்பது. இதை உறவினர்கள் சொல்கிறார்கள், நாட்டு மருந்து விற்பவர்கள் சொல்கிறார்கள். 'வளரலாம்' என்பதை 'எப்படியும் வளரும்' என்று திரிப்பது இது. மீள வளர்ந்தாலும் பெரும்பாலும் அது சிறிதாகவே நின்றுவிடுகிறது; தொல்லை தருவதில்லை; மறு அறுவை தேவைப்படுவோர் சிலரே. மூச்சடைப்புக்காகச் செய்யப்படும் அறுவையின் பயனோ உடனடியானது. 2013ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், தூக்க மூச்சடைப்புள்ள 5 முதல் 9 வயது வரையிலான 464 சிறுவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஏழு மாதங்களுக்குப் பின் பார்த்தபோது, அறுவை செய்துகொண்டவர்களில் 79 விழுக்காட்டினரின் தூக்கப் பரிசோதனை இயல்புக்குத் திரும்பியிருந்தது. அறுவையின்றிக் கவனித்துவந்தவர்களிலும் 46 விழுக்காட்டினர் தாமாகவே இயல்புக்குத் திரும்பியிருந்தனர். இரண்டு எண்களையும் பாருங்கள். அறுவை வேலை செய்கிறது. காத்திருப்பதும் சிலருக்கு வேலை செய்கிறது.

உண்மையில் 'வளருமா' என்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி 'தேவையா' என்பது. நம் துறையின் வரலாறு இதில் பெருமைப்படும்படி இல்லை. 1934ஆம் ஆண்டில் நியூயார்க்கில் 11 வயதுடைய 1,000 பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதித்தார்கள். 61 விழுக்காட்டினருக்கு ஏற்கெனவே டான்சில் எடுக்கப்பட்டிருந்தது. மிஞ்சியவர்களை மருத்துவர்களிடம் அனுப்பினார்கள். 45 விழுக்காட்டினருக்கு அறுவை தேவை என்றார்கள். தேவையில்லை என்று விடப்பட்டவர்களை வேறு மருத்துவர்களிடம் அனுப்பினார்கள். அவர்களிலும் 46 விழுக்காட்டினருக்குத் தேவை என்று பதில் வந்தது. அதிலும் தப்பியவர்களை மூன்றாம் முறை அனுப்பினார்கள், 44 விழுக்காடு! இறுதியில் அறுவை பரிந்துரைக்கப்படாத பிள்ளைகள் 1,000 பேரில் 65 பேரே. டான்சிலைப் பார்த்தால் கை சும்மா இருக்காது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அந்தக் காலம் மலையேறிவிட்டது. அடிக்கடி தொண்டை அழற்சி வருபவர்களுக்கு, ஓராண்டில் ஏழு முறை, அல்லது அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் ஆண்டுக்கு ஐந்து முறை, அல்லது மூன்று ஆண்டுகளில் ஆண்டுக்கு மூன்று முறை என்பது, 1984ஆம் ஆண்டு பாரடைஸ் என்னும் மருத்துவரின் ஆய்வுக்குப் பின் பரவலாகப் பின்பற்றப்படும் அளவுகோல். ஆண்டுக்கு இரண்டு முறை தொண்டை வலித்ததற்காகத் தேதி வாங்கியிருப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொண்டு மருத்துவரிடம் பேசலாம்.

வளர்ந்துவிட்டது என்று அஞ்சி வருபவர்களில் பலருக்கு உண்மையில் வளர்ந்திருப்பதில்லை. அறுவை முடிந்த சில நாள்களில் அந்த இடத்தில் வெள்ளையும் மஞ்சளுமாக ஒரு படலம் படியும். அது சீழும் அன்று, புதுச் சதையும் அன்று; புண் ஆறும் விதமே அப்படி. ஒரு வாரம் பத்து நாளில் உதிர்ந்துவிடும். (உதிரும் அந்நாள்களில் இரத்தம் வந்தால் மட்டும் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் அவசரப் பிரிவுக்கு வந்துவிடுங்கள்.) சிலர் மறுபடியும் தொண்டை வலி வந்ததைக் கொண்டு வளர்ந்துவிட்டதாக முடிவு செய்கிறார்கள். டான்சில் போனாலும் தொண்டை இருக்கிறதே, வலிக்காமலா இருக்கும்? வயது வந்தவர்களுக்கு ஒரு பக்கம் மட்டும் சதை பெருத்து வந்தால், அதை 'மீண்டும் வளர்ந்துவிட்டது' என்று வீட்டிலேயே தீர்ப்பளித்து உட்கார்ந்துவிடக் கூடாது. கட்டி ஏதேனுமா என்று பார்த்தாக வேண்டும்.

இன்னும் சிலர் வருகிறார்கள். இவர்களுக்காகத்தான் இக்கட்டுரையை ஒரு தமிழ்மொழிக் கழகத்தின் இதழில் எழுதுகிறேன். அறுவை முடிந்து வீட்டுக்குப் போய், பிள்ளையின் வாயைத் திறந்து பார்க்கிறார்கள். நடுவில் ஒன்று தொங்குகிறது. "உள்நாக்க எடுத்துட்டேன்னு சொன்னீங்க, அப்படியே இருக்கே!" என்று திரும்பி வருகிறார்கள். இதை நானே இருமுறை கேட்டிருக்கிறேன். ஒரு பாட்டி நேர்மாறாக, "உள்நாக்க எடுத்துட்டா பிள்ளைக்கு ழகரம் வருமாய்யா?" என்று கவலையோடு கேட்டார். இவர்கள்மேல் பிழையில்லை. டான்சிலுக்கு 'உள்நாக்கு' என்று பெயர் சொன்னது நாம். 'உள்நாக்கு வளர்ச்சி', 'உள்நாக்கு அறுவை' என்று நம் பேச்சிலும் எழுத்திலும் எத்தனை ஆண்டுகளாகப் புழங்குகிறது! உள்நாக்கு வேறு உறுப்பு. அதை யாரும் தொடவில்லை. தற்செயலான ஒற்றுமை ஒன்றும் உண்டு: 1828ஆம் ஆண்டில் பிலடெல்பியாவில் பிசிக் என்ற அறுவை மருத்துவர் டான்சிலைத் துண்டிக்க ஒரு கருவி செய்தார். அது உள்நாக்கைத் துண்டிக்க இருந்த பழைய கருவியை மாற்றியமைத்ததுதான். அவ்வகைக் கருவிகளால் வெட்டியபோது அடியில் ஒரு பகுதி தங்கிவிடும். ஆகவே நம் கொள்ளுப்பாட்டிமார் காலத்தில் 'வெட்டினாலும் வளரும்' என்று சொன்னவர்கள் கண்டதைத்தான் சொன்னார்கள்.

'அடிநாச் சதை' என்று எழுதலாமே என்று இந்திய ஆய்வியல் துறை நண்பர்கள் கேட்பார்கள். எனக்கும் அச்சொல் பிடிக்கும். ஆனால் நாக்கின் அடியில் உண்மையாகவே இன்னொரு டான்சில் இருக்கிறது என்று மேலே சொன்னேன் அல்லவா? அதற்கு என்ன பெயர் வைப்பது? பக்கவாட்டில் இருப்பதை அடிநா என்றால் மறுபடியும் அதே குழப்பம். அறுவைக்கு முந்தைய நாள் ஒரு தாயிடம் பேசும்போது, அவர் ஏற்கெனவே அறிந்த 'டான்சில்' என்ற சொல்லே போதும் என்பேன். கலைச்சொல்லாக்கத்துக்கு நான் எதிரியல்லன். நல்ல சொல் வந்தால் முதல் ஆளாகப் பயன்படுத்துவேன். தவறான உறுப்பைச் சுட்டும் தமிழ்ச் சொல்லைவிட, சரியான உறுப்பைச் சுட்டும் இரவல் சொல் மேல்.

நம் கழகத்தில் மருத்துவம், தாதிமை, மருந்தியல் படிக்கும் மாணவர்கள் எப்போதும் இருக்கிறார்கள். இன்னும் சில ஆண்டுகளில் உங்களையும் வார்டில் யாரேனும் கையைப் பிடித்து இழுத்து, "கொஞ்சம் தமிழ்ல சொல்லுங்களேன்" என்று படுக்கையருகே நிறுத்துவார்கள். அப்போது உங்களுக்குக் கிடைப்பது இரண்டு நிமிடம். முழுமையாக எடுக்கப் போகிறார்களா, கொஞ்சம் விட்டுவைத்து எடுக்கப் போகிறார்களா. அந்த முறையை ஏன் தேர்ந்தெடுத்தார்கள். மீண்டும் வளர எவ்வளவு வாய்ப்பு. எந்த அறிகுறி தெரிந்தால் திரும்பி வர வேண்டும். இந்த நான்கையும் முதலில் அறுவை மருத்துவரிடம் நீங்கள் கேட்டுத் தெரிந்துகொண்டு, பிறகு தமிழில் சொல்லுங்கள். மருத்துவர் விரைந்துகொண்டிருந்தாலும் கேளுங்கள்.

என் பங்குக்கு அரைப் பக்கத் தமிழ்த் தாள் ஒன்றை எழுதி வைத்திருக்கிறேன். நூற்றுக்கு எத்தனை பேர் என்பதை நூறு சிறு வட்டங்களாக வரைந்து, நான்கு வட்டங்களுக்கு மட்டும் மை தீட்டியிருக்கிறேன். அத்தை அதைப் படித்துவிட்டு இரண்டு வாக்கியங்களைத் திருத்திக் கொடுத்தார். வேண்டுபவர்கள் செயலவையினரிடம் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம். மொழிப்பிழை இருந்தால் தயங்காமல் எழுதுங்கள். தாளின் மேல்பகுதியில் திறந்த வாயின் படம் ஒன்று இருக்கிறது. அதில் உள்நாக்குக்கு மட்டும் தனியாக ஓர் அம்புக்குறி போட்டு, "இது அப்படியே இருக்கும்" என்று எழுதியிருக்கிறேன்.